செயலாளரின் ஆண்டறிக்கை

நம் எலக்ட்ரானிக்ஸ் மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பதினொரு மாதக் கூட்டங்கள் நடந்தன. நவம்பர் கூட்டம் மழையால் நடக்கவில்லை. ஆயுத பூஜையை வழக்கம்போல மயிலாப்பூர் மாடி அறையில் கொண்டாடினோம். புது உறுப்பினர்களை இரண்டு முறை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அழைத்துப் போனோம்.

அப்புறம், ஞாயிறு வகுப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

போன மே மாதம் நம் உறுப்பினர் ஒருவர் செய்த 5 வோல்ட் பவர் சப்ளை, பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும். வோல்டேஜை 5-ல் நிறுத்தும் 7805 ஐ.சி.யை மூன்று முறை மாற்றிப் பார்த்தார். ஐ.சி. போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். ஐ.சி.யில் ஒரு குறையும் இல்லை. சிமுலேஷனில், அதாவது சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும்போது, டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும் வரையாமல், அந்த இடத்தில் 12 வோல்ட் பேட்டரி ஒன்றைப் போட்டிருந்தார். 200 மில்லி ஆம்பியருக்கு 7 வோல்ட் இறக்கம், 1.4 வாட், அவ்வளவுதானே என்று, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் வைக்கவில்லை. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் தரும் 12 வோல்ட் ஏசியின் உச்சம் 17 வோல்ட். ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜில் இழப்பதைக் கழித்தாலும் கெப்பாசிட்டரில் 15-ஐ ஒட்டி நிற்கும். சரியாக வரைந்து அளந்தபோது ஏறக்குறைய 2 வாட் வந்தது. ஹீட் சிங்க் இல்லாத 7805 ஒரு வாட்டுக்கு 65 டிகிரி அளவுக்குச் சூடேறும். அதோடு நம் மே மாத 40 டிகிரியைக் கூட்டினால் 170. அந்தச் சூட்டில் ஐ.சி. தானாகவே நின்றுவிடாமல் என்ன செய்யும்?

அதற்காகத்தான் எட்டு ஞாயிறுகள் பவர் அளப்பதை மட்டும் எடுத்தேன். வோல்டேஜுக்கு ஒரு சராசரி, கரண்டுக்கு ஒரு சராசரி எடுத்துப் பெருக்கக் கூடாது. ஏசியில் இரண்டுமே பூஜ்யம்தான் வரும். கணத்துக்குக் கணம் பெருக்கி, அந்தப் பெருக்கலுக்குச் சராசரி எடுக்க வேண்டும். கெப்பாசிட்டர் நிரம்பும் தொடக்கத்தை விட்டுவிட்டு, 100 முதல் 200 மில்லி செகண்ட் வரை, அதாவது 50 ஹெர்ட்ஸில் முழுதாக ஐந்து சுற்றுகள். எல்டிஸ்பைஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஆல்ட் விசையோடு பாகத்தின் மேல் கிளிக் செய்தால் அதன் பவர் வரைபடமாக வரும். கன்ட்ரோலோடு அந்த வரைபடத்தின் பெயரைக் கிளிக் செய்தால் சராசரி கிடைக்கும். சப்ளையின் பவர் மைனஸில் வருவதைப் பார்த்துப் பலர் பயந்தார்கள். அது பவரைக் கொடுக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். எல்லாப் பாகங்களின் பவரையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் எதையோ விட்டுவிட்டோம். இன்னொன்று: நாம் மாற்றாதவரை எல்டிஸ்பைஸ் வெப்பநிலையை 27 டிகிரி என்றே எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் அது மார்கழிக் கணக்கு.

முதல் வகுப்புக்கு இருபத்திரண்டு பேர் வந்தீர்கள். கடைசி வகுப்புக்கு நான்கு பேர். மென்பொருளுக்குப் பணம் என்று சொல்ல முடியாது. எல்டிஸ்பைஸும் இலவசம், மும்பை ஐஐடி தரும் ஈசிம் (eSim) என்ற சிமுலேஷன் மென்பொருளும் இலவசம். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பதுக்கே போய்க் கதவைத் திறந்து, பெருக்கி, நாற்காலி போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், வருத்தமாக இருந்தது. அந்த நான்கு பேருக்கும் என் தனிப்பட்ட நன்றி.

வரவு செலவு: வாடகையும் மின் கட்டணமும் கட்டியாயிற்று, கையிருப்பு கொஞ்சம் உள்ளது, விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். 46 பேரில் 19 பேர் இன்னும் கட்டவில்லை. நான்கு முறை நினைவூட்டினேன். பெயர்களை இங்கே எழுதவில்லை.

அறை தந்த வீட்டுக்காரருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, சிமுலேஷனில் வந்த வாட்டையும் மேஜையில் மீட்டர் காட்டும் வாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பவர் மீட்டரும், பழையதானாலும் ஒரு லேப்டாப்பும் வேண்டும். அந்த 19 சந்தாவும் வந்தால் 5,700 ரூபாய், மீட்டர் வாங்கிவிடலாம். யார் வீட்டிலாவது சும்மா கிடக்கும் லேப்டாப் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்