நாலாம் அத்தியாயத்தில் நின்றுபோன மகனுக்கு

அன்புள்ள செழியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை.

மொழி மனிதனுக்குப் பிறவியிலேயே வாய்த்த இயல்பூக்கம் என்று மொழி ஆய்வாளர் ஸ்டீவன் பிங்கர் வாதாடுகிற 'தி லாங்குவேஜ் இன்ஸ்டிங்க்ட்' புத்தகத்தை நாலாம் அத்தியாயத்தோடு மூடிவிட்டதாகச் சொன்னாய். "அறுவைம்மா, அவர் சொல்றது இப்ப செல்லவும் செல்லாது" என்றாய். கயலோ கீழே வைக்காமல் படித்தேன் என்கிறாள். இதைப் போனில் பேசினால் பாதியில் உனக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

நாலாம் அத்தியாயம் கஷ்டம்தான். வாக்கியத்தைக் கிளை கிளையாகப் பிரித்து மரம் வரைகிறார், உதாரணமெல்லாம் ஆங்கிலம். எனக்கும் கண் சொருகியது. ஆனால் நடுவில் ஓர் இடம் நமக்கென்றே எழுதினது போல வருகிறது. ஆங்கிலத்தில் வினை முன்னால், செயப்படுபொருள் பின்னால். ஜப்பானியத்தில் வினை கடைசியில் வரும், நம் வேற்றுமை உருபு மாதிரியானவையும் பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். இவை தனித்தனி விதிகள் அல்ல, ஒரே விசையை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தட்டிவிட்டதன் விளைவு என்கிறார். ஜப்பானியம் என்று வருகிற இடத்தில் தமிழை வைத்துப் படித்துப் பார், பெரும்பாலும் அப்படியே உட்காரும். மீதிப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனால் குடி முழுகிவிடாது.

அப்பா சிக்கிக்கொண்டது பன்னிரண்டாம் அத்தியாயத்தில். 'இப்படி எழுதாதே, அப்படிப் பேசாதே' என்று பத்திரிகைகளில் பத்தி எழுதும் ஆங்கில இலக்கணக் காவலர்களைப் பிங்கர் அதில் வாரு வாரென்று வாருகிறார். அந்த விதிகளில் சில லத்தீனைப் பார்த்து ஆங்கிலத்தின் தலையில் கட்டினவை என்கிறார். காலமெல்லாம் சந்திப்பிழை திருத்தினவருக்கு வருமே கோபம்! "பழையன கழிதலும் புதியன புகுதலும் என்று நன்னூல் பாடம் நடத்தினது நீங்கள்தானே?" என்று கேட்டேன். "காலவகையால் வருவது வழுவல்ல என்றுதான் பவணந்தி சொன்னார், வழுவே கிடையாது என்றா சொன்னார்?" என்று திருப்பினார். நல்ல பதில்தான். பிங்கரும் தெளிவாக எழுதக் கற்றுக்கொள்வது வேண்டாமென்று சொல்லவில்லை. அதுவரை அப்பாவுக்குப் பொறுமை இருந்தால்தானே! உன் பெரிய மாமாவுக்கு வேறு வருத்தம். எஸ்கிமோக்களுக்குப் பனிக்கு நூறு பெயர் என்று கல்யாண வீடு தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார், புத்தகம் அதைப் புரளி என்றுவிட்டது.

என்னைப் பிடித்துக்கொண்டது இரண்டாம் அத்தியாயம். காது கேளாத பிள்ளைகளோடு வேலை பார்த்தவளுக்கு வேறெது பிடிக்கும்? நிகராகுவாவில் முன்பெல்லாம் அப்படிப்பட்ட பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில், வீட்டாரோடு மட்டும் ஏதோ சைகையில் காலம் தள்ளினார்கள். 1977-ல் மனாகுவாவில் அவர்களுக்குச் சிறப்புப் பள்ளி வந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு நிறையப் பேர் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தது உதடு பார்த்து ஸ்பானியம் புரிந்துகொள்வது. அது ஏறவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து ஒன்றை உண்டாக்கினார்கள். அடுத்து வந்த சின்னதுகள் அதை வாங்கி இலக்கணமே ஏற்றிவிட்டன. நம் விடுதி வராந்தா ஞாபகம் இருக்கிறதா? வகுப்பில் உதடு, மணி அடித்ததும் கை. புதிதாக வந்து அழுதுகொண்டிருக்கும் குழந்தை கொஞ்ச நாளிலேயே மற்றவர்களோடு கையால் சண்டை போடும். எந்த டீச்சரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனால் அந்தப் பக்கங்களை என்னால் வெறும் உதாரணமாகப் படிக்க முடியவில்லை.

புத்தகம் வந்து பத்து வருஷம் கழித்து, 2004-ல், ஆன் செங்காஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அதே பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒருவன் சரிவில் உருண்டு இறங்குகிறான் என்பதை முதலில் வந்த தலைமுறை பெரும்பாலும் ஒரே வீச்சில் காட்டியது. கேட்கும் திறன் உள்ளவர்கள் பேசும்போது கையசைப்பதும் அப்படித்தான். பின்னால் வந்தவர்கள் 'உருள்', 'இறங்கு' என்று இரண்டாக உடைத்து அடுத்தடுத்துச் சொல்கிறார்கள். உடைத்தால்தானே வேறு விதமாகச் சேர்க்க முடியும்! இது பிங்கருக்குச் சாட்சி போலத் தெரியும். எதிர்த்தரப்பும் இதையே கையில் எடுக்கலாம். வீட்டில் தனியாக இருந்த பிள்ளையிடம் அந்த மொழி பிறக்கவில்லையே? கூட்டம் வேண்டியிருந்தது, ஒரு தலைமுறைக்குப் பின் இன்னொன்று வர வேண்டியிருந்தது.

செல்லாது என்கிறாயே, அதை 1994-ல் புத்தகம் வந்த கையோடு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மைக்கேல் டொமசெல்லோ 1995-லேயே மொழி இயல்பூக்கம் அல்ல என்று மதிப்புரை எழுதினார். ஜெஃப்ரி சாம்ப்சன் 1997-ல் எதிர்த்து ஒரு புத்தகமே போட்டார். 2014-ல் விவியன் எவன்ஸ் இன்னொன்று. இலக்கணத்தின் அடிப்படை பிறவியிலேயே இருக்கிறது என்ற மொழியியலாளர் சாம்ஸ்கியைப் பிங்கர் தூக்கிப் பிடிக்கிறார், ஆனால் அவரோடும் பிங்கருக்கு எல்லாம் ஒத்துப்போகவில்லை. இயற்கைத் தேர்வால்தான் மொழி வந்தது என்பது பிங்கர் கட்சி, சாம்ஸ்கிக்கு அதில் சந்தேகம். எனக்கும் அந்தத் தலைப்பே கொஞ்சம் அதிகம்தான். சிலந்தி வலை பின்னுவது போல மனிதன் பேசுகிறான் என்கிறார். சிலந்திக்குக் கூட்டம் வேண்டாமே.

இலக்கணம் சொல்லித் தராமலே உன் கம்ப்யூட்டர் பேசுகிறது, அதனால் பிங்கர் கதை முடிந்தது என்கிற உன் வாதம் மட்டும் எனக்கு இறங்கவில்லை. அது பல லட்சம் கோடி சொற்களை விழுங்கிவிட்டுப் பேசுகிறது. ஒரு குழந்தை பள்ளிக்குப் போகுமுன் கேட்பது சில கோடிதான், அதிலும் பாதி "ஆ காட்டு". அவ்வளவை வைத்துக்கொண்டு நாலு வயதில் நீ அப்பாவையே மடக்குவாய். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் உள்ளே இருக்கும் இலக்கணமா, வேறு ஏதாவதா என்பதுதான் சண்டை. அது தீரவில்லை.

இரண்டையும் ஒன்பதையும் படி. ஒன்பது முழுக்கக் குழந்தைகள் பேச்சு கற்கிற கதை, மரமெல்லாம் இருக்காது. கயலிடம் டொமசெல்லோவின் மதிப்புரையைக் கொடு. பிடித்த புத்தகத்தைத் திட்டுகிறவரையும் அவள் கொஞ்சம் கேட்கட்டும். பத்தாம் அத்தியாயத்தை மட்டும் நம் டாக்டரம்மா கயல் பக்கத்தில் இருக்கும்போது படி. பேச்சில் பரம்பரைக் குறை உள்ள ஓர் ஆங்கிலேயக் குடும்பம் அதில் வருகிறது, இலக்கணத்துக்கென்று மரபணு இருக்கலாம் என்கிற நம்பிக்கையோடு. 2001-ல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், ஃபாக்ஸ்பி2 என்று பெயர். ஆனால் அந்தக் குடும்பத்தாருக்கு வாயையும் முகத்தையும் நுணுக்கமாக அசைப்பதிலேயே சிரமம் என்பது அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது. இலக்கணம் மட்டும் தனியாகக் கெடவில்லை. மேற்கொண்டு அவள் சொல்வாள்.

அன்புடன்,
அம்மா