உன் படங்கள் நீலம் தட்டுகின்றன

பட்டர்வொர்த்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

பசியாறினாயா? "1,500 ரிங்கிட்டுக்குள் என்ன மானிட்டர் வாங்கலாம்" என்று ஒரு வரி போட்டிருந்தாய். மூன்று வாரத்தில் நீ எழுதியது அந்த ஒரு வரிதான். சரி, கேட்டதற்கே பதில் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய தைப்பூசப் படங்கள் ஒன்பதையும் பார்த்தேன். வெள்ளி ரதம் தெருமுனையில் திரும்புகிற படத்தைச் சித்தி கேட்டு வாங்கிக்கொண்டாள். எனக்குப் பெருமைதான். ஆனால் ஒன்பதிலும் நீலம் தட்டுகிறது, நிழல்கள் இருண்டு கிடக்கின்றன, காவடி எடுத்தவர் முகம் சாம்பல் பூத்திருக்கிறது. கேமரா செய்த குற்றம் இல்லை அது. கணினியில் நைட் லைட் ஓடினால் வெள்ளையெல்லாம் மஞ்சளாகத் தெரியும், அதைச் சரிக்கட்டக் கை தானாக நீலத்தைக் கூட்டும். இருட்டறையில் திரை பளீரென்று எரிந்தால் படம் வெளிச்சமாக இருப்பதுபோலத் தோன்றும், கை குறைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் இந்த ஒன்பது படங்கள். கோப்புகளில் சேமித்த நேரமும் இருக்கிறது: விடியற்காலை 3.12, 3.40, 4.05. எல்லாம் வேலை நாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நைட் லைட்டை அணைத்துவிடு.

திரைக்கு வருகிறேன். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனலைத் தவிர வேறெதையும் பார்க்காதே. விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் நிழலின் அடர்த்தி மாறும். எதை நம்பித் திருத்துவாய்? 27 அங்குலம் என்றால் 2560 x 1440 புள்ளிகள் வேண்டும். அந்த அளவில் 1920 x 1080 என்கிற ஃபுல் எச்டி வாங்கினால் அங்குலத்துக்கு 82 புள்ளிதான் கிடைக்கும், படத்தின் கூர்மையில் ஏமாறுவாய். மேசை சின்னது என்றால் 24 அங்குலத்தில் ஃபுல் எச்டி போதும். சாதாரணத் திரைகளுக்கான வண்ண எல்லையான எஸ்ஆர்ஜிபி 100 சதம் இருக்கிறதா என்று பார். வண்ணம் எவ்வளவு பிசகுகிறது என்பதற்கு "டெல்டா ஈ 2-க்குக் கீழ்" என்று பெட்டியில் போட்டிருப்பது தொழிற்சாலையை விட்ட நாளின் கணக்கு. விளக்கு பழகப் பழக அது மாறும். ஆசூஸ் புரோஆர்ட், டெல் அல்ட்ராஷார்ப், பென்க்யூ இவற்றில் தேடு. எய்சோ கலர்எட்ஜ் நம் கைக்கு எட்டாது.

கணினிக் கடைகள் இருக்கிற லோயாட் பிளாசாவுக்குப் போனால் பகலில் போ. கடையில் எல்லாத் திரையும் உச்ச வெளிச்சத்தில் எரியும், அந்தப் பளபளப்பில் மயங்காதே. எஸ்ஆர்ஜிபி முறைக்கு மாற்றச் சொல்லி, திரை முழுக்கச் சாம்பல் நிறத்தை ஓடவிடு. ஒரு மூலை பச்சை, இன்னொரு மூலை ரோஜா என்று தெரிந்தால் வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல். கறுப்பையும் வெள்ளையையும் ஓடவிட்டு, செத்த புள்ளி இருக்கிறதா என்று பார். மாற்றித்தர எத்தனை நாள் கெடு என்பதை ரசீதில் எழுதி வாங்கு. கேட்கக் கூச்சப்படுவாய், தெரியும். கேள்.

அடோபி ஆர்ஜிபி 99 சதம் என்கிற அகல வண்ணத் திரையைக் காட்டுவார்கள். உனக்கு வேண்டாம். உன் படங்கள் போய்ச் சேருவது கைப்பேசிக்கும், எஸ்ஆர்ஜிபி கேட்கிற, படம் அச்சிடும் லேபுக்கும்தான். ப்ரொஃபைலை, அதாவது திரையின் வண்ணக் குறிப்பை, படிக்கத் தெரியாத மென்பொருளில் திறந்தால், அந்தத் திரை எஸ்ஆர்ஜிபி எண்ணைத் தன்னுடைய அடர்ந்த சிவப்பாகக் கொட்டிவிடும்.

இதை எழுதும்போது கை நின்றுவிட்டது, பாப்பா. அண்ணன் கல்யாண ஆல்பத்தை எல்லார் முன்னாலும் வைத்துக்கொண்டு, "கூரைச்சேலைச் சிவப்பு கண்ணைக் குத்துது, உனக்குக் கலர் பார்க்கிற கண்ணே இல்லை" என்றேனே. உன் கோப்பு சரியாகத்தான் இருந்தது. என் திரை அகல வண்ணத் திரை. ப்ரொஃபைல் இல்லாமல், வண்ணம் அறியாத வியூவரில் திறந்து பார்த்துவிட்டுப் பேசினேன். போன ஆடியில் திரையின் வண்ணத்தை அளக்கும் மீட்டர் வைத்து அளந்தபோது தெரிந்தது. அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அச்சகத்தில் முப்பது வருஷம் கலர் புரூஃப் பார்த்தவள் என்கிற வீம்பு விடவில்லை. அதற்குப் பிறகுதான் நீ, இந்த ஒன்பது படங்கள் வரும்வரை, முகம் தெரிகிற படம் எதையும் எனக்கு அனுப்பாமல் இருந்தாய் என்பதும் எனக்குத் தெரியும்.

மீட்டருக்கென்று பணம் ஒதுக்காதே, என்னுடைய மீட்டர், ஐ1 டிஸ்ப்ளே புரோவை, அனுப்புகிறேன். அதை வைத்து அளக்கிற மென்பொருள் டிஸ்ப்ளேகேல் இலவசம், இறக்கிக்கொள். திரையைப் போட்டு அரை மணி நேரம் சூடேற விடு, அவசரப்பட்டால் அளந்து முடிப்பதற்குள் வெள்ளை நகர்ந்துவிடும். திரையின் மெனுவில் எல்லாவற்றையும் பழையபடி ரீசெட் செய்து, யூசர் முறையை எடு. மின்சாரத்தை மிச்சப்படுத்துகிற ஈகோ, டைனமிக் கான்ட்ராஸ்ட், தானியங்கி வெளிச்சம் மூன்றையும் அணை. நைட் லைட்டையும் அணை, முன்பே சொன்னேன். எச்டிஎம்ஐ வழி என்றால் கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பில் ஃபுல் ரேஞ்ச், அதாவது 0 முதல் 255 வரை, இருக்கிறதா என்று பார். 16-இல் தொடங்கினால் கறுப்பு வெளிறிவிடும்.

குறிவைக்க வேண்டியது பகல் வெளிச்ச வெள்ளையான வெண்புள்ளி டி65, நடுநிழல்களின் வெளிச்சத்தை முடிவு செய்கிற காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா. அறை மங்கல் என்றால் 100, அதற்கு மேல் வேண்டாம். கான்ட்ராஸ்டைத் தொடாதே. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் மிஞ்சி நிற்பதைக் குறை, குறைந்து நிற்பதைக் கூட்டாதே. டிஸ்ப்ளேகேலின் திருத்தப் பட்டியலில் உன் பேனலின் விளக்கு வகையைத் தேர்ந்தெடு. சாதாரண எஸ்ஆர்ஜிபி திரை என்றால் பெரும்பாலும் வெள்ளை எல்இடி. அதைத் தவறாகப் போட்டால் எண்ணெல்லாம் சரியாக வந்தும் வெள்ளை மட்டும் கோணலாக நிற்கும். திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்து மீட்டரை ஒட்டவிடு, இடுக்கில் வெளிச்சம் புகக்கூடாது. ப்ரொஃபைலுக்குத் தேதியிட்டுப் பெயர் வை, திருத்துகிற மென்பொருளை மூடித் திற. விண்டோஸ் சில சமயம் தூங்கி எழும்போது திருத்தத்தைக் கைவிட்டுவிடும், அதைத் திரும்ப ஏற்றுகிற டிஸ்ப்ளேகேலின் லோடர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள். மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

அறையில் அந்தப் பச்சைச் சுவரைப் பார்த்து உட்காராதே. மஞ்சள் பல்பைக் கழற்றி 5000 கெல்வின் விளக்குப் போடு. படம் திருத்துவதைப் பகலில் வைத்துக்கொள். பகலில் முடியாது என்றால் ஏன் முடியவில்லை என்றாவது எழுது. சரி, எழுத வேண்டாம்.

பெரியம்மா மகன் சனிக்கிழமை இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வருகிறான். மீட்டர், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இருக்கும். பதினொரு மணிக்குப் போய் வாங்கிக்கொள், முறுக்கும் இருக்கிறது. அளந்து முடித்ததும் எண்களை அனுப்பு: வெளிச்சம், வெண்புள்ளி, சராசரி டெல்டா ஈ. வேறெதுவும் எழுத மனமில்லை என்றால் எண் மட்டும் போதும். பகலில் அனுப்பு.

அம்மா