லியனார்டோவை முயல்களிடமிருந்து மீட்டுத் தாருங்கள்

மதிப்பிற்குரிய பள்ளிக் கணிதப் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். ஃபிபொனாச்சி என்ற பெயர் நம் மாணவர்களுக்கு 1, 1, 2, 3, 5, 8 என்னும் தொடர்வரிசையாகவும், ஒரு ஜோடி முயலாகவும், சூரியகாந்திப் பூவின் படமாகவுமே அறிமுகமாகிறது. ஃபிபொனாச்சி என்று நாம் அழைக்கும், இத்தாலியின் பைசா நகரத்து லியனார்டோ எதற்காக வாழ்ந்தார், எதை எழுதினார் என்பது அந்த அறிமுகத்தில் இடம்பெறுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஏறத்தாழ 1170-இல் பிறந்த லியனார்டோவின் தந்தை, இன்று அல்ஜீரியாவில் பெஜாயா எனப்படும் புஜியா துறைமுகத்தில், பைசா வணிகர்களுக்கான சுங்க அதிகாரியாக இருந்தார். மகனை அங்கே வரவழைத்துக் கணக்குக் கற்க வைத்தவர் அவரே. பின்னர் எகிப்து, சிரியா, கிரேக்கம், சிசிலி, புரோவான்ஸ் எனச் சுற்றி, அங்கங்கே வழங்கிய கணக்கு முறைகளைக் கற்றுத் தேர்ந்த லியனார்டோ, 1202-இல் 'லீபர் அபாசி' என்ற கணக்கு நூலை முடித்தார். இந்தியர்களின் ஒன்பது எண் குறிகளையும் சுழியத்தையும் கொண்டு எந்த எண்ணையும் எழுதலாம் என்று, வந்த இடத்தை மறைக்காமல், தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிடுகிறார்.

அந்நூலின் பெரும்பகுதி கடைத்தெருக் கணக்கு: கொள்முதல், பண்டமாற்று, கூட்டு வணிகத்தில் இலாபப் பங்கீடு, நாணயங்களில் வெள்ளியும் செம்பும் கலக்கும் அளவு. நாணயக் கணக்கில் ஒரு லிரா 20 சோல்தி, ஒரு சோல்தோ (சோல்தியின் ஒருமை) 12 தெனாரி என்றிருந்த காலத்தில், கணக்குப் பலகையில் காய்களை நகர்த்தி விடை கண்டு அதை ரோமன் எண்களில் பதிந்துகொண்ட வணிகருக்கு, விடை கிடைத்த வழி ஏட்டில் எஞ்சுவதில்லை. லியனார்டோவின் முறையில் பெருக்கலும் வகுத்தலும் எழுத்திலேயே நடந்தன. ஆயினும் ஐரோப்பா உடனே மாறிவிடவில்லை; நூல் வந்து ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1299-இல், ஃபிளாரன்ஸ் நாணய மாற்றுநர் சங்கம் கணக்கேடுகளில் இந்த இந்திய எண்களை எழுதக் கூடாதென்று தன் உறுப்பினர்களுக்குத் தடை விதித்தது.

புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெட்ரிக்கின் அவையைச் சேர்ந்த பலெர்மோ யோகான்னஸ் விடுத்த சவாலும் சொல்லத்தக்கது. ஓர் எண்ணின் கனம், அதன் வர்க்கத்தின் 2 மடங்கு, அவ்வெண்ணின் 10 மடங்கு ஆகியவற்றின் கூடுதல் 20 எனில் அவ்வெண் யாது? லியனார்டோ 60-ஐ அடிமானமாகக் கொண்ட பின்னங்களில் தந்த விடை, இன்றைய முறையில் ஒன்பது தசம இடங்கள் வரை சரியாக இருக்கிறது.

முயல் கணக்கோ 'லீபர் அபாசி'யின் பன்னிரண்டாம் அத்தியாயத்தின் பல புதிர்களுள் ஒன்று: மாதந்தோறும் ஒரு புதிய ஜோடியை ஈனும் முயல் ஜோடி, தன் வழித்தோன்றல்களோடு ஓராண்டில் எத்தனை ஜோடிகளாகும்? ஓராண்டு முடிவில் 377 ஜோடிகள் என்பதோடு லியனார்டோ அதை விட்டுவிடுகிறார். அத்தொடர்வரிசைக்கு அவர் பெயரைச் சூட்டியவர் 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார் லூக்கா. அதே எண்களைச் சமஸ்கிருத யாப்பில் குறில் நெடில் அடுக்குகளை எண்ணும்போது சமண அறிஞர் ஹேமச்சந்திரர் லியனார்டோவுக்கு முன்பே கண்டிருக்கிறார் என்பதையும் சேருங்கள். ஆனால் அதைக் கொண்டு லியனார்டோவுக்குத் திருட்டுப் பட்டம் கட்டிவிட வேண்டாம்.

நான் கேட்பது இரண்டு. நேர் விகிதப் பாடத்தில் லிரா, சோல்தி, தெனாரியில் அமைந்த ஒரு வணிகக் கணக்கைச் சேர்த்து, புஜியாவைக் காட்டும் நிலப்படத்தை அதன் அருகில் அச்சிடுங்கள். லியனார்டோவின் காலத்தில் வரைந்த உருவப்படம் எதுவும் இல்லையாதலால், பாடநூலில் இடும் படம் கற்பனையே என்று அதன் கீழே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்