அந்தச் சிவப்புப் பாசி

மாப்ளே சேகர்,

ஆறு மாசமாக உன் போனை எடுக்காததற்கு முதலில் நன்றாகத் திட்டு, அப்புறம் படி. காபி எடுப்பு முடிந்த கையோடு மிளகு வந்துவிட்டது. ஏணி ஏற ஆள் கிடைக்காமல் நானே ஏறி, இடுப்பு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துக் கிடந்தேன். அம்மா நலம். உன் தங்கை மகளுக்கு வேலை கிடைத்ததை மீசை சொன்னான், சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மிளகு போட மதுரைக்கு வந்தேன். கீழமாசி வீதியில் மூட்டையை இறக்கினால், பணத்துக்குச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார்கள். கூட வந்த சின்னவள் கீழடி பார்த்தே ஆகணும் என்று ஒரே பிடிவாதம். சிலைமான் தாண்டினால் வந்துவிடுகிறது, 12 கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் திறந்த மியூசியம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். நீ மதுரைக்காரன், அதனால் நிச்சயம் போயிருக்க மாட்டாய்.

உறைகிணறு, செங்கல் சுவர், நூல் நூற்கிற தக்களி, எலும்பில் செய்த ஊசி எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தோம். ஒரு இடத்தில் சின்னவள் நின்றுவிட்டாள். பானையோட்டை வட்டமாக உடைத்து ஓரத்தைத் தேய்த்த சில்லுகள். "அப்பா, இது பாண்டி ஆடுற சில்லு!" என்று கத்தினாள். பாண்டியன் ஊரில் வேறென்ன கிடைக்கும் என்றேன், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெயர் கீறிய ஓடுகளும் இருக்கின்றன. தொல்லியல் துறை நாலாம் கட்டமாகத் தோண்டியதில் மட்டும் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துள்ள ஓடுகள் 56. ஆதன், குவிரன் என்றெல்லாம் பெயர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து, அதனால் பானையை வாங்கியவர்களே கீறிக்கொண்டது என்கிறார்கள். அதே கட்டத்தில் ஆழத்தில் கிடைத்த ஒரு கரியைப் பரிசோதித்ததில் கி.மு. 580 என்று வந்திருக்கிறது. எனக்கு நம் விடுதித் தட்டுதான் ஞாபகம் வந்தது. காம்பஸ் முனையால் பேர் கீறிவிட்டு, மறுநாளே வேறொருவன் அதில் சாப்பிடுவதைப் பார்த்துச் சண்டை போட்டோமே.

இதற்கு அடுத்ததுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு மணி. சூதுபவளமாம். குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்துக் கல், அங்கிருந்து வைகைக் கரை வரைக்கும் வந்திருக்கிறது.

மாப்ளே, அந்தச் சிவப்புப் பாசிமணி ஞாபகம் இருக்கிறதா? ஒன்பதாவது லீவில் தாத்தா காபி காயப்போடக் களம் போட்டார். நடுவில் ஒரு கல்திட்டை நின்றது, அந்தக் காலத்தில் செத்தவர்களுக்குப் பலகைக்கல்லால் கட்டியது, பாண்டவர் வீடு என்போம். கடப்பாரையால் நெம்பித் தள்ளியதில் நானும் ஒருத்தன். அடியில் ஓடுகளோடு கிடந்த பாசியைப் பையில் போட்டுக்கொண்டு விடுதிக்கு வந்தேன். நீ கோலிக்குப் பதில் அதை வைத்து ஆடி மீசையிடம் தோற்றாய். "உங்க மலையில குரங்கையும் குளிரையும் விட்டா என்னடா இருக்கு" என்று அன்றைக்கும் கேட்டாய்.

என்ன இருக்கிறதென்று இப்போது கேட்டுக்கொள். பழனி மலைக் கல்திட்டைகளை ஆங்லேட் பாதிரியார் ஏறி இறங்கி அளந்து எழுதியதை 1928லேயே மத்திய தொல்லியல் துறை அச்சிட்டிருக்கிறது. பேராசிரியர் கா. ராஜன் எங்கள் தாண்டிக்குடியிலேயே தோண்டி, ஈமக்குழிகளிலிருந்து சூதுபவள மணிகளை எடுத்திருக்கிறார். மலைக்குக் கீழே பொருந்தலில் ஒரு குழியில் வைத்திருந்த நெல்லுக்குக் கி.மு. 490 என்று காலம் சொல்லியிருக்கிறார்கள். மதுரையிலிருந்து கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்துக்குப் போன பாதைகள் இந்த மலையை ஒட்டித்தான் போயிருக்கின்றன. ஆக, உன் ஊர் பெரிய ஊராக இருந்தபோதே எங்கள் ஆள் ஒருத்தன் குஜராத்துக் கல்லைக் கழுத்தில் போட்டிருக்கிறான். அதற்கு ஈடாக என்ன கொடுத்திருப்பான்? என்னைக் கேட்டால் மிளகு என்பேன். சாயங்காலம் வரச் சொல்லியிருப்பார்கள் அவனையும்.

சிரிக்காதே. திரும்பி வரும்போது வத்தலக்குண்டு வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை. தள்ளிய பலகைக்கல்லில்தான் முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் துணி துவைக்கிறோம். செத்தவனுக்கு மூடிய கல், ஒரு பக்கம் சோப்பு ஏறி வழவழவென்று ஆகிவிட்டது. மறுநாள் வீட்டுக்காரி துவைக்கப் போனபோது தடுக்கவும் வாய் வரவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

மேல் தோட்டத்தில் இன்னொரு திட்டை முழுசாக நிற்கிறது. ஜீப் பாதை வெட்ட ஜேசிபி வருகிறது, தம்பி நேராக வெட்டச் சொல்லியிருந்தான். நான் போய் நாலடி தள்ளிக் கயிறு கட்டிவிட்டேன். ஆறு காபிச் செடி போகும், ஒரு மிளகுக் கொடியும். தம்பி ரெண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. இருக்கட்டும், பாதை வளைந்துதான் போகும்.

உனக்கு ஒரு வேலை. மீசையிடம் அந்தப் பாசி இருக்கிறதா என்று கேள். நான் கேட்டால் விலை பேசுவான். கோலியில் ஜெயித்ததை எல்லாம் அவன் அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார், அது பரணில் கிடக்கலாம். கிடைத்தால் வாங்கி வை, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

மதுரை பஸ்ஸில் கால் கிலோ மிளகு கொடுத்துவிட்டிருக்கிறேன். ஈரம் கொஞ்சம் இருக்கும், ஒரு வெயில் காட்டு.

முருகேசன்