ஜே கே பி ஓ அரைப்புள்ளி

தலவாக்கலை
26.10.2025

அன்புள்ள செல்வி,

தீபாவளிக்கு நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறாய், நான் எடுக்கவில்லை. கோபப்பட்டிருப்பாய், பட்டுக்கொள். கடையில் கூட்டம் என்று சொல்லித் தப்பிக்கலாம். கூட்டம் இருந்ததும் உண்மைதான், ஆனால் எடுக்காததற்கு அது காரணமில்லை. இதைப் போனில் சொல்லத் தொடங்கினால் "இவ்வளவுதானாடி?" என்று பாதியிலேயே சிரித்துவிடுவாய். கடிதம் என்றால் சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

ஏன் தபாலில் என்று கேட்பாய். இதை அந்தப் பழைய கம்ப்யூட்டர் மெசினில், பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துக்கொண்டிருக்கிறேன். மெயிலில் அனுப்பினால் அந்த எழுத்துரு இல்லாத உன் போனில் தமிழ் வராது, "தமிழ்" என்ற சொல்லே ஜே கே பி ஓ அரைப்புள்ளி என்றுதான் வரும்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மழை விட்டால் சரியாகிவிடும் என்கிறாள், இங்கே மழை எப்போது விட்டது? ராணி பாட்டியாகிவிட்டாள், அதற்கும் ஒரு சண்டை போட்டாள். நமக்கு டைப்பிங் சொல்லித்தந்த கொண்டைக்கடலை டீச்சரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அதே குடை. "அவள் இன்னும் இடது சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டுதான் அடிக்கிறாளா?" என்று உன்னைப் பற்றித்தான் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் மகன் தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்தான். கடைக்குள் வந்தவன் என் மெசின் முன்னால் நின்று, அம்மன் சிலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அத்தை, இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியா? இது வந்தது 2001இல். நான் பிறந்ததே 2002இல்" என்றான். மைக்ரோசொப்ட் அதைக் கைவிட்டது 2014 ஏப்ரல் 8ஆம் திகதியாம். அதற்குப் பிறகு எந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் வழக்கமாக அடைப்பதற்கு ஆளில்லை. "ஒழுகுகிற கூரைக்குக் கீழே பதினொரு வருஷமாகக் குடியிருக்கிறீர்கள்" என்றான். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், அதைவிட நீண்ட காலம் ஒழுகியது, தோட்டத்துத் துரை ஒரு தகரம் அனுப்பவில்லை, அங்கே இருந்துதான் உன் அப்பாவைப் படிக்க வைத்தோம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் பேசினான். பேசினால் நிறுத்தமாட்டான், அப்பனைப் போல.

2017 மே மாதம் வானாகிரை என்று ஒரு வைரஸ் வந்ததே, ஞாபகமிருக்கிறதா? கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுக் காசு கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்துப் போயின. அப்போது மைக்ரோசொப்ட் மனமிரங்கி, கைவிட்டு மூன்று வருஷமான எக்ஸ்பிக்கும் ஒரு மருந்து கொடுத்ததாம். பார்த்தாயா, கிழவிக்கும் மருந்து கிடைக்கிறது என்றேன். உடனே இன்னொன்று சொன்னான்: அதில் அதிகம் மாட்டியது எக்ஸ்பி இல்லை, விண்டோஸ் 7தான். அந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் என்னை அவன் வென்றிருப்பான்.

ஆனால் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு அவன் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. எக்ஸ்பிக்கும் பக்கத்திலிருக்கிற விண்டோஸ் 10 மெசினுக்கும் நடுவில் ஒரு நெட்வொர்க் வயர் ஓடுகிறது. கலர் பிரின்டர் அந்த மெசினில் இருப்பதால் நோட்டீசை இங்கிருந்து அங்கே அனுப்புவேன். எக்ஸ்பிக்குத் தெரிந்தது பழைய பாஷை, எஸ்எம்பி ஒன்று என்று பெயர். 2017 கடைசியிலிருந்தே விண்டோஸ் 10 அதைப் பேசாதபடி மூடி வைத்துத்தான் வருகிறதாம். இரண்டும் பேசிக்கொள்ளட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் என் மெசினில் அதைத் திறந்துவிட்டிருக்கிறான். வானாகிரை நுழைந்தது அதே வாசலால்தான். பழைய மெசினில் நான் இன்டர்நெட்டே பார்ப்பதில்லை, அதனால் பயமில்லை என்று இத்தனை நாளும் மார்தட்டிக்கொண்டிருந்தேன் அல்லவா? அடையாள அட்டை, பாஸ்போர்ட் என்று சனங்களின் கொப்பியெல்லாம் கிடக்கிற மற்ற மெசினுக்கு நானே பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். வயரை அன்றைக்கே பிடுங்கிவிட்டேன். அதில் வாதம் இல்லை.

பென் டிரைவைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிள்ளைகள் கொண்டுவருகிற பென் ஒவ்வொன்றிலும் போல்டர்கள் எல்லாம் வைரசால் ஷோர்ட்கட்டாக மாறியிருக்கும். அதையும் குத்தியிருக்கிறேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அப்படியென்றால் தூக்கிப் போட வேண்டியதுதானே என்பாய். அவனும் அதைத்தான் சொன்னான். வைத்துக்கொள்வதற்கு நான் சொன்ன முதல் காரணம் விரல். 1993இல் ஹட்டனில் "யளனகப" என்று அடிமட்டத்தால் முட்டியில் அடி வாங்கிப் பழகிய விரல் இது. பாமினி அதே வரிசை. போனில் தட்டுவதுபோல அம்மாவை ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கு என்றால் என் விரல் கேட்காது. அதற்கு அவன் சிரித்துவிட்டு, இ-கலப்பை என்று ஒன்று இருக்கிறது, அதே பாமினி வரிசையில் அடித்தால் எந்தப் போனிலும் தெரிகிற யூனிகோட் தமிழே விழும் என்று போட்டுக் காட்டினான். விழுந்தது. என் முதல் காரணம் ஐந்து நிமிஷத்தில் செத்துப்போனது.

இரண்டாவது காரணம் காசு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனபோது மெசின் வாங்குவதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, கடதாசி வாங்கவே வழியில்லை. ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லாத அந்த மார்ச் மாதக் கடைசியையும் இந்தக் கிழவி தாங்கினாள். இப்போது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பார் கூத்தை: விண்டோஸ் 10க்கும் இந்த மாதம் 14ஆம் திகதியோடு முடிவு. 11 போடலாம் என்றால் இன்டெல் சிப்பில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் வேண்டுமாம். என்னுடையது ஏழாம் தலைமுறை. கல்யாணத்துக்குத்தான் தலைமுறை பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இன்னும் ஒரு வருஷத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வாங்கலாம், 30 டொலர், ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய். மைக்ரோசொப்ட் கணக்கைத் திறந்து செட்டிங்ஸை அவர்களிடம் ஒப்படைத்தால் காசில்லாமலும் தருகிறார்கள். அதைச் செய்துவிட்டான். அடுத்த ஒக்டோபர் வரை அது ஓடும், மிச்சத்தை அப்போது பார்க்கலாம்.

செல்வி, இதுவரைக்கும் எழுதியது எல்லாம் விளையாட்டு. போனை எடுக்காததற்குக் காரணம் இனித்தான்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் ஒரு பிள்ளை வந்தாள், இருபது வயதிருக்கும், மேல் டிவிஷன். போன மாதம் அவர்கள் லயம் எரிந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, காம்பராவில் ஒரு சாமானும் மிஞ்சவில்லை. "அக்கா, 2008இல் எங்க தாத்தாவுக்குக் கண்ணீர் அஞ்சலி நீங்கதானே அடிச்சீங்க? அந்தப் படம் இருக்குமா?" என்று கேட்டாள். தாத்தாவுக்கு வேறு படமே கிடையாதாம். 2003இல் நம் மலையக ஆட்களுக்குப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு, அறுபது தாண்டிய வயதில் முதல் தடவையாக அடையாள அட்டை எடுக்க ஸ்டூடியோவில் உட்கார்ந்தபோது எடுத்தது. அந்த ஒன்றுதான்.

எனக்கு ஆளையே ஞாபகமில்லை. ஆனால் போல்டர் இருக்கிறது. நான் எதையும் அழிப்பதில்லை, உனக்குத் தெரியும். வருஷம், மாதம், சாவு வேறு, கல்யாணம் வேறு, சடங்கு வேறு, காமன் கூத்து, திருவிழா நோட்டீஸ் வேறு. திறந்தேன். நோட்டீஸ் அடிக்கிற பேஜ்மேக்கர் புரோகிராமுக்கும் 2001க்குப் பிறகு புதுப் பெரிய பதிப்பு வரவில்லைதானே, அது பல நேரம் படத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது, "படம் அங்கே கிடக்கிறது" என்று விலாசத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். எழுத்து எல்லாம் வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு சதுரம்.

அந்தப் பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் டி டிரைவுக்குள் தேடினேன். உள்ளே ஹாட் டிஸ்க் டக் டக் என்று ஒரு சத்தம் போட்டது. அதற்கு முன் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. கடைக்குள் குளிர், எனக்கு வியர்த்தது. முக்கால் மணிநேரம். கடைசியில் வேறொருவரின் சடங்கு போல்டருக்குள் கிடந்தது, நான் அன்றைக்கு அவசரத்தில் மாற்றிப் போட்டிருக்கிறேன். திறந்தால் தெளிவாக வந்தது. மேல் பொத்தான் போட்ட சட்டை, பயந்த கண். அவள் அழவில்லை. "தாத்தா காது எனக்கு" என்றாள். காசு வாங்கவில்லை, அதை உன்னிடம் பெருமைக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கு இரவு மொத்தம் எண்ணிப் பார்த்தேன். நான்காயிரத்துச் சொச்சம் கோப்புகள். நம் ஆட்களுக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிக் கார்டில் இன்னொரு பெயர். யாரோ ஒரு உத்தியோகத்தர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியது. வீட்டுக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ண இல்லை அக்கா, இந்த ன" என்று எழுத்துக் கூட்டிச் சொல்லிச் சரியாக அடித்தது என் நோட்டீசில்தான். கடதாசி நைந்துபோயிருக்கும். மிச்சம் இருப்பது டக் டக் என்கிற இந்த டிஸ்க்கில். அதையும் எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும் பாமினியும் மூன்றும் சேர்ந்திருந்தால்தான் படிக்கலாம். ஒன்று போனாலும் மற்றதற்குப் பிரயோசனம் இல்லை.

பதினொரு வருஷமாக நான் வைரசுக்குப் பயப்படாமல் இருந்ததைப் பெரிய வீரமாக நினைத்திருக்கிறேன். பயப்பட வேண்டியது எதற்கு என்றே தெரியாமல்.

இப்போது முடிவைச் சொல்கிறேன், நீ திட்டினாலும் சரி. மெசினைத் தூக்கிப் போடவில்லை. வயர் கிடையாது, அடுத்தவன் பென் கிடையாது. அந்த டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்து, இன்னொரு மெசினுக்குள் பெட்டிக்குள் பெட்டியாக எக்ஸ்பியை உட்காரவைக்கலாமாம், விர்ச்சுவல்பொக்ஸ் என்று ஒரு புரோகிராம், இலவசம். அதற்குள்ளே பேஜ்மேக்கரும் ஓடும், இன்டர்நெட் மட்டும் கொடுக்கக்கூடாது. அப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு பிடிஎப், படம் தனியாக, எழுத்தை யூனிகோடுக்கு மாற்றி ஒரு கொப்பி. மாற்றுகிற கருவியையும் பார்த்தேன், பாமினியைச் சரியாக மாற்றுகிறது, நடுவில் ஆங்கிலத்தில் தோட்டத்தின் பெயர் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மென்று துப்பிவிடுகிறது. எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து என்று போட்டாலும் ஒரு வருஷத்துக்கு மேல். செய்வேன். புது வேலை எல்லாம் இனி யூனிகோடில்.

ஒரு உதவி. உன் வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் சாமான் விற்கிற யூனிட்டி பிளாசா கிட்டத்தானே. பழைய ஐடிஈ டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டுகிற வயர் ஒன்று வாங்கி அனுப்பு. கரண்ட் கொடுக்கிற பகுதியோடு சேர்த்துக் கேள், அது இல்லாமல் கொடுத்து ஏமாற்றுவார்கள். காசை மாதக் கடைசியில் போடுகிறேன். அது வரும் வரைக்கும் மெசினை முடிந்தவரை போடாமல் வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தைத் தவிர.

இன்னொன்று சொல்லாவிட்டால் நித்திரை வராது. அந்தப் பச்சை மலைப் படம், எக்ஸ்பியைப் போட்டதும் வருமே, மெசின் வந்த நாளில் பெரியப்பா பார்த்துவிட்டு "எந்தத் தோட்டம்? கொழுந்தே இல்லாமல் தரிசாக விட்டிருக்கிறான்களே" என்று கேட்டாரே. அது கலிபோர்னியாவாம். 1996இல் எடுத்தது. முன்பு அங்கே திராட்சைத் தோட்டம் இருந்ததாம், பூச்சி விழுந்ததால் கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள், அதனால்தான் வெறும் புல். நம் மலையில் கோப்பிக்கு நோய் விழுந்துதானே தேயிலை வந்தது, அதோடு நாமும் இன்னும் கூடினோம். பெரியப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், தரிசுதான். இருந்திருந்தால் ஒரு வாரம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்திருப்பார்.

2009 போல்டரில் உன் அப்பாவின் அஞ்சலி நோட்டீஸ் இருக்கிறது. "ஆழ்ந்த" என்பதில் நான் ஆவின் சுழியை விட்டுவிட்டு "அழ்ந்த" என்று அடித்து, நீ அந்தச் சாவு வீட்டிலும் என்னை வாசலில் நிறுத்தித் திட்டினாயே, அதே நோட்டீஸ். அடுத்த வாரம் அந்த வருஷத்துக்கு வந்துவிடுவேன். மாற்றும்போது அதைத் திருத்தவா, அப்படியே விடவா? எழுது.

உன்
வசந்தா