அக்டோபர் 20, மாலை 5.47க்கு மறையும் சூரியன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் உன் மகள் திருமணத்தின் நிகழ்ச்சி நிரலும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. நம் நண்பன் நெட்டையனிடமிருந்து இன்னும் ஒரு வரிகூட வரவில்லை. இத்தனை மாத மௌனத்துக்காக நீ எனக்கு எழுதியிருக்கும் வசைகளின் மீதத்தைத் திருமணத்துக்கு வரும்போது நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போடாமல் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், உன் நிரலின் நான்காவது வரி. “மாலை 5.45 முதல் 6.15 வரை, ஏரிக்கரைப் புல்வெளியில், அந்திச் சூரியனுடன் மணமக்கள் படப்பிடிப்பு.” நண்பா, அந்த நேரத்தில் அங்கே மணமக்கள் இருப்பார்கள், படக்கலைஞர் இருப்பார், எல்லோரையும் விரட்டிக்கொண்டு நீயும் இருப்பாய், சூரியன் மட்டும் இருக்காது.

கோபப்படாதே, பாதிக் கணக்கை நீ அழகாகவே போட்டிருக்கிறாய். அக்டோபர் 20 திருமணத்துக்கு இடம் பார்க்க பிப்ரவரி 21ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்துப் போனாயே, அதைப் படித்தபோது கொடிக்கம்ப வழக்கில் உன்மேல் சுமத்தப்பட்ட எல்லாக் குற்றங்களையும் மன்னித்துவிட்டேன். சூரியன் தெற்கே கடைசி எல்லையைத் தொட்டுத் திரும்பும் டிசம்பர் 21க்கு முன்னால் 62 நாள், பின்னால் 62 நாள். இந்த இரண்டு தேதிகளிலும் சூரியன் வானத்தில் ஏறத்தாழ ஒரே பாதையில்தான் நடக்கிறது, மேற்கிலிருந்து ஏறத்தாழ 11 பாகை தெற்கே தள்ளி ஒரே இடத்தில்தான் மறைகிறது. ஆகவே எந்த மரத்தின் பின்னால் இறங்கும், நிழல் எந்தப் பக்கம் விழும் என்று நீ வரைந்து அனுப்பியிருக்கும் படம் முற்றிலும் சரி.

தவறியது கடிகாரம். பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டம் அல்ல, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை ஆண்டு முழுவதும் முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. பிப்ரவரி நடுவில் சூரியன் நம் கடிகாரத்தைவிட 14 நிமிடம் பின்தங்கி வரும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்திக்கொண்டு போய்விடும். பகலின் நீளம் இரண்டு தேதிகளிலும் ஒன்றுதான் என்றாலும், அந்தப் பகல் முழுவதும் அக்டோபரில் ஏறத்தாழ அரை மணி நேரம் முன்னதாகவே தொடங்கி முன்னதாகவே முடிந்துவிடுகிறது. நீ போன அன்று 6.15க்குச் சூரியன் மறைந்ததாக எழுதியிருக்கிறாய். அதே சூரியன் அக்டோபர் 20 அன்று 5.47 வாக்கில் மறைந்துவிடும். உன் படப்பிடிப்பு தொடங்கி இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அந்த இரண்டு நிமிடமும்கூட உனக்குக் கிடைக்காது. அட்டவணைகளில் வரும் மறையும் நேரம், தடையில்லாத அடிவானத்துக்கு உரியது. உன் ஏரிக்கு அக்கரையில் தோப்பு இருக்கிறது. கையை முழுதாக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் சூரியன் அந்த அகலத்தைக் கடக்கச் சுமார் 40 நிமிடம் எடுத்துக்கொள்ளும். தோப்பின் உச்சி உன் முட்டியில் பாதி உயரம் இருக்கும் என்று நீ எழுதியிருப்பதை நம்பினால், 5.25க்கே புல்வெளியில் வெயில் போய்விடும். அதனால் மணமக்கள் 4.50க்கு அங்கே நிற்க வேண்டும். 5.10 மணிக்கு ஆளின் உயரத்தைப் போல் ஏழு மடங்கு நீளத்துக்கு நிழல் கிடக்கும்; நீ கேட்கிற ஒளி அதுதான்.

அந்த ஒளி பொன்னிறமாவதற்குக் காரணம் காற்று. சூரியன் அடிவானத்தைத் தொடும்போது, தலைக்கு நேரே இருக்கும்போது கடப்பதைப் போல் சுமார் 38 மடங்கு காற்றை அதன் ஒளி கடந்து வருகிறது. வழியில் நீலமெல்லாம் சிதறிப்போக, சிவப்பும் மஞ்சளுமே நம் கண்ணுக்கு எஞ்சுகின்றன. உயர்ந்த அட்சரேகைகளில் சூரியன் சாய்வாக இறங்குவதால் இந்த நேரம் தாராளமாக நீளும், அங்கே இருப்பவர்கள் ஆற அமரப் படமெடுப்பார்கள். உனக்கோ சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுகிறது. 6 பாகை உயரத்திலிருந்து இறங்கி மறைய அரை மணிக்கும் குறைவு. இதில் மணமகன் காலணி மாற்றப் போனால் அவ்வளவுதான்.

படக்கலைஞரிடம் ஒன்றைக் கேட்டு வை. கேமராவின் வெண்மைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால், அது அந்தப் பொன்னிறத்தையே குறையாகக் கருதித் திருத்திவிடக்கூடும். அவர் தொழில் தெரிந்தவராக இருந்தால் உன்னைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்காவிட்டால் எனக்கு எழுது.

மண்டபத்தாரின் கையேட்டைக் காட்டி, படகுத்துறைக்கு நேர் பின்னால் சூரியன் இறங்கும் படம்தான் வேண்டும் என்று உன் மகள் சொல்வதாக எழுதியிருக்கிறாய். குழந்தையிடம் பக்குவமாகச் சொல். உன் வரைபடத்தில் படகுத்துறை வடமேற்கு மூலையில் இருக்கிறது. அந்தப் படம் ஜூன் மாதத்தை ஒட்டி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போது சூரியன் மேற்கிலிருந்து 24 பாகை வடக்கே மறையும். அக்டோபர் 20க்கும் அதற்கும் இடையே 35 பாகை, அதாவது மூன்றரை முட்டி. படகுத்துறை வேண்டும் என்றால் சூரியன் மறைந்த பிறகு போகச் சொல். 6.05 அளவில் வானம் நீலமாகும், விளக்குகளை ஏற்றினால் இரண்டும் சம வெளிச்சத்துக்கு வரும். என்னைக் கேட்டால் கையேட்டுப் படத்தைவிட அதுதான் அழகு. வானத்தில் உயரமான மெல்லிய மேகம் இருந்தால் அந்த நேரத்தில் தீப்பிடித்தது போல் சிவக்கும். மேற்கே தாழ்வாகக் கனத்த மேகம் வந்துவிட்டால் மட்டும் நானும் நீயும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி விளையாட்டை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். குடும்பப் படத்தையும் நீ அந்த அரை மணிக்குள்ளேயே திணித்து வைத்திருக்கிறாய். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை முடிந்து இன்னும் கூச்சம் போகவில்லை என்று அதே கடிதத்தின் அடுத்த பக்கத்தில் நீயே எழுதுகிறாய். தாழ்ந்த வெயிலுக்கு எதிரே அவரை நிறுத்தினால், எடுக்கும் எல்லாப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். 4.15க்கு மண்டபத்தின் கிழக்குச் சுவர் நிழலில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, மற்றவர்கள் அவரைச் சுற்றி வந்து நிற்கட்டும். வானத்தின் வெளிச்சம் மட்டும் விழும் அந்த நிழலில் முகங்கள் சீராக வரும், யாரும் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. பொன்னிறம் கிடைக்காது, போகட்டும். என் திருமணத் தொகுப்பில் என் தந்தை ஒரே ஒரு படத்தில்தான் இருக்கிறார், அதிலும் யாரோ ஒருவருக்கு வண்டி ஏற்பாடு செய்துகொண்டு முதுகைக் காட்டி நிற்கிறார். நீயும் அப்படிப்பட்ட ஆள்தான். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நீ அசையாமல் நிற்பதற்கும் நிரலில் ஒரு வரி சேர்.

ஆக, 4.15க்குக் குடும்பம், 4.50க்கு மணமக்கள், 6.05க்குப் படகுத்துறை. இடையில் நண்பர்கள் கூட்டத்தை உள்ளே அனுப்பிச் சாப்பிட வைத்துவிடு. நெட்டையன் வந்தால் அவன் எந்த வரிசையில் நின்றாலும் பின்னால் இருப்பவர்கள் தெரியப்போவதில்லை. நிரல் அச்சுக்குப் போகுமுன் ஒரு முறை ஏரிக்கரைக்குப் போய்த் தோப்பின் உயரத்தை முட்டியால் மறுபடி அளந்து எழுது. முழு முட்டி வந்தால், மணமக்கள் நேரத்தை இன்னும் இருபது நிமிடம் முன்னுக்குத் தள்ள வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்