இயாகோவாக நடிக்கப்போகும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாடகக் குழுவில் உனக்கு இயாகோ வேடம் கிடைத்திருப்பதாக நீ தொலைபேசியில் சொன்ன நாள் முதல், முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்திய ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தை மறுபடி எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெனிஸ் படைத் தளபதி ஒதெல்லோவிடம், உன் மனைவி டெஸ்டிமோனாவுக்குக் காசியோவோடு தொடர்பு என்று பொய்யை ஏற்றி அவளைக் கொல்லவைக்கும் இந்த இயாகோ ஏன்தான் இப்படிச் செய்கிறான், பிடிபடவில்லையே என்று கேட்டாயல்லவா, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

காரணங்களை அவனே அடுக்குகிறான். வெனிஸின் பெரிய மனிதர்கள் மூவர் அவனுக்காகப் பரிந்து பேசியும், போர்க்களத்தில் படை நடத்தி அறியாத காசியோவுக்கே துணைத் தளபதி பதவி போனது. ரோட்ஸிலும் சைப்ரஸிலும் ஒதெல்லோவின் கண்ணெதிரே போரிட்டவனுக்குக் கொடி பிடிக்கும் வேலைதான் மிச்சம். சீனியாரிட்டிக்கு மதிப்பில்லை, சிபாரிசுக்கே மதிப்பு என்று அவன் முதல் காட்சியில் குமுறும்போது பார்ப்பவர்களுக்கு அது நியாயமாகவே படவேண்டும். (சிபாரிசுக்கு மூவரைப் பிடித்தவனும் அவன்தான் என்பதை நீ மட்டும் மனத்தில் வைத்துக்கொள்.) பிறகு தன் மனைவி எமிலியாவையும் ஒதெல்லோவையும் சேர்த்து ஊரில் பேச்சு என்கிறான், மெய்யோ பொய்யோ தெரியாது, ஆனாலும் மெய்யென்றே வைத்துக்கொண்டு நடப்பேன் என்கிறான், அடுத்த அங்கத்தில் அதே சந்தேகம் காசியோ மேலும் பாய்கிறது. பகை முன்பே குடிவந்துவிட்டது, காரணங்களை அது பின்னால் சேர்த்துக்கொள்கிறது.

நீ மிகவும் கவனிக்க வேண்டியது மூன்றாம் அங்கத்தில் ஒதெல்லோ அவனிடம், இனி நீயே என் துணைத் தளபதி என்று சொல்லும் இடம். எதற்காக வயிறெரிந்தானோ அது கைக்கு வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் டெஸ்டிமோனா பிழைத்திருப்பாள்; அவன் நிறுத்தவில்லை. ஏன் என்பதை ஐந்தாம் அங்கத்தின் இருட்டுத் தெருவில்தான் ஷேக்ஸ்பியர் சொல்ல வைக்கிறார்: காசியோவின் வாழ்வில் அன்றாடம் ஓர் அழகு இருக்கிறது, அது என்னை அவலட்சணமாக்குகிறது.

இந்த வரி எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. ஒருமுறை, துறைத் தலைவர் பதவி என்னைவிட நான்கு ஆண்டு இளையவருக்குப் போனது. இரண்டு ஆண்டு கழித்து வேறொரு கல்லூரியில் அதே பதவி எனக்கும் வந்தது. ஆணையை வாங்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தபோது, மாணவர்கள் சூழ நின்று பேசிக்கொண்டிருந்த அவர் என்னைக் கண்டதும் ஓடிவந்து என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். அவருடைய விரல்களில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. அவர் மகிழ்ச்சி மெய்யானது என்று எனக்குத் தெரிந்தது, தெரிந்ததனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது. உன் அம்மாவிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

ஆகவே பதவி கிடைத்ததும் இயாகோ சொல்லும் ‘என்றென்றும் நான் உங்களவன்’ என்ற வரியை வெற்றிச் சிரிப்போடு சொல்லிவிடாதே. ஒரு கணம் நின்று, கிடைத்தும் உள்ளே எதுவும் ஆறவில்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்ட குரலில், மெல்லச் சொல். அரங்கேற்றத்துக்கு அம்மாவும் நானும் முதல் நாளே வந்துவிடுகிறோம். அந்த வரி காதில் விழும்படி முன் வரிசையில் இரண்டு இடம் பிடித்து வை.

அன்புடன்,
அப்பா